பூவாக்கும் பாறைப் படிப்பும்

1

என் மகள் பாறைகளைப் பற்றிப் படிக்கப் போகிறாள். இதை ஊரில் யாரிடம் போனில் சொன்னாலும் முதலில் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். பிறகு, “டாக்டருக்குக் கெடைக்கலீங்களா?” என்று தணிந்த குரலில் கேட்கிறார்கள். கிடைக்காமல் இல்லை, அவள் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று சொன்னால் இன்னும் வருத்தப்படுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் “ஆமாங்க, கெடைக்கலீங்க” என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் நிம்மதி.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுவில், லெஸ்டரில். ஒரு காலத்தில் இதுவும் நம் திருப்பூர் மாதிரி பின்னலாடை செய்த ஊர்தான். இப்போது அந்த மில் கட்டடங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சரக்கு திருப்பூரிலிருந்து கப்பலில் வருகிறது. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து இந்தச் சரக்கை அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். இங்கே ஒரு கிடங்கில் நின்றுகொண்டு அதே சரக்கைப் பிரித்து, தையல் விட்டிருக்கிறதா, சாயம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இதற்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டால் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்த்திகாவை நிலவியல் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டிருந்தன. ஒன்று எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போய், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று ஸ்காட்லாந்தின் வடக்குக் கோடியில், கடலோரத்தில். அங்கே போய்ச் சேரவே ஒரு பகல் முழுக்க ஆகும். இரண்டும் ‘இத்தனை மதிப்பெண் எடுத்தால் இடம் உண்டு’ என்ற நிபந்தனையோடு வந்தவை. தூரத்து ஊர் அதிகமாகக் கேட்டது, பக்கத்து ஊர் குறைவாகக் கேட்டது.

இங்கே ஒரு விதி இருக்கிறது. ஓர் இடத்தை முதல் விருப்பமாக வைக்க வேண்டும். மற்றொன்றை ‘இன்ஷூரன்ஸ்’ என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இடம் கேட்ட மதிப்பெண் வராமல் போனால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும். எனக்குத் தெரிந்த இன்ஷூரன்ஸ் எல்லாம் குடோன் தீப்பிடித்தால் கட்டிக் கொடுப்பதுதான். பிள்ளை எங்கே படிப்பது என்பதற்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊரே முதல் விருப்பமாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். வடக்கே போனால் அவள் திரும்ப மாட்டாள். அங்கிருந்து ஒரு கப்பலுக்கோ பாலைவனத்துக்கோ சுரங்கத்துக்கோ வேலைக்குப் போவாள், அங்கேயே யாரையாவது பார்ப்பாள், கிறிஸ்துமஸ் லீவுக்கு இரண்டு நாள் வருவாள். பிள்ளைகள் எப்படிப் போகின்றன என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நானே போனவன்.

2

கல் அவளுக்கு எங்கே பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது கோடையில் ஊருக்குப் போய், குன்னத்தூரில் என் அக்கா சரஸ்வதி வீட்டில் தங்கியிருந்தோம். அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவளும் அவள்தான். மாமா பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங், பேக்கிங் செய்து கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். யூனிட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தோட்டம், கொஞ்சம் தென்னை. அந்த வருடம் கிணறு வற்றிவிட்டதால் போர் போடுவதென்று முடிவாகியிருந்தது.

போர் போடுவதற்கு முன்னால் பூ கேட்டார்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமோ, நிலமோ, புது மிஷினோ, எங்கள் பக்கம் எதுவானாலும் முருகனைக் கேட்காமல் இறங்க மாட்டோம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியாக இலையில் வைத்து, நிறம் வெளியே தெரியாதபடி நாரால் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். காரியத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி இரண்டில் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அதை அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவார்கள். பொட்டலம் கட்டுவது வீட்டுக்கு மூத்த பெண்ணின் வேலை. எங்கள் வீட்டில் அது அக்கா.

போருக்கு வெள்ளைதான் வந்தது. மறுநாளே வண்டி வந்து நின்றது. கல் மாவு பறந்து துணியில் படியும் என்று யூனிட்டின் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பெரியவர்கள் எல்லோரும் தண்ணீரை எதிர்பார்த்து நின்றோம். கார்த்திகா மட்டும் குழிக்குப் பக்கத்தில் வந்து விழுந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் செம்மண், பிறகு சாம்பல், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு கறுப்பு. நிறம் மாறும்போதெல்லாம் யூனிட்டுக்குள் ஓடி ஒரு பாலித்தீன் கவரை எடுத்துவந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். கடைசி வரைக்கும் மாவில் ஈரமே வரவில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“சாமி சரின்னு சொல்லுச்சுல்ல அத்தை? அப்புறம் ஏன் தண்ணி வரல?” என்று கேட்டாள் கார்த்திகா.

“நமக்குக் கொடுப்பினை இல்ல கண்ணு.”

“இல்ல, கீழ என்ன இருக்குது?”

மாமா குழியின் வாயில் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, “கோயில்ல இன்னொரு பொட்டலம் இருந்துச்சே, அதுல என்ன இருந்துச்சு?” என்றாள். அதையெல்லாம் கேக்கப்படாது என்று அக்கா அவள் வாயைப் பொத்தினாள்.

அந்தக் கவர்கள் இன்றைக்கும் அவள் அறை ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. கவரின் மேல் ஆங்கிலத்தில் ‘சைஸ் மீடியம்’ என்று போட்டிருக்கும், உள்ளே குன்னத்தூர்.

3

வடக்கு ஊருக்கு நானும் அவளுமாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். துறையைச் சுற்றிக் காட்டிய பேராசிரியை சேறு காயாத பூட்ஸோடு வந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதுவே வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, திருப்பூரில் சரக்கு வாங்க வரும் பையர்களிடம் கேட்கிற வழக்கத்தில், “உங்க நேட்டிவ் எது?” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் விழித்தார். கார்த்திகா குறுக்கே வந்து அவருக்குப் புரிகிற மாதிரி கேட்டாள். பிறந்தது ஓரிடம், வளர்ந்தது வேறு, இப்போது இங்கே, எதைச் சொல்வது என்று தெரியவில்லை என்று சிரித்தார் அவர். என் மகளும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் இல்லை. திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மலையை வெட்டிய இடங்களில் தெரிந்த கல் வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. எந்தக் கட்டணம் வாங்குவது என்பதற்காக, இவள் இந்த நாட்டுப் பிள்ளையா, வெளிநாட்டுப் பிள்ளையா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டுமாம். மூன்று வயதிலிருந்து இங்கே வளர்ந்த பெண். ஆனாலும் எந்தெந்த மாதம் அவளும் நாங்களும் நாட்டை விட்டு வெளியே போனோம், எதற்குப் போனோம் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு முறை நாங்கள் திருப்பூர் போய்வந்ததையும் நினைவுபடுத்தி எழுதினோம். அதற்கு அங்கே ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள். தமிழில் சொன்னால் ‘தற்காலிகமாக இல்லாதிருந்த காலம்’. என் ஊருக்கு நான் போய்வந்ததையெல்லாம் நான் இல்லாதிருந்த காலம் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்த நாட்டுப் பிள்ளைதான் என்று பதில் வந்தது. கார்த்திகா குதித்தாள். நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

4

என் மனைவி கவிதா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வேலையிலிருந்து வந்ததும் முதலில் காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பிறகு மொத்தமாகக் கொட்டுவாள்.

“ஏனுங்க, பதினெட்டாம் நம்பர் ரூம்ல இருக்கறாங்களே, அவங்களுக்கு மூணு புள்ளைங்க. ஞாயித்துக்கெழமையானா ஒரு போன். அதுவும் நாங்க கூப்புட்டு ஞாபகப்படுத்தோணும்.”

“நம்ம கார்த்திகா அப்பிடி இல்ல” என்றேன்.

“நீங்களும் அப்பிடி இல்லைன்னுதான் மாமா நெனைச்சுட்டு இருந்தாரு.”

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அவர் இறந்தபோது விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. காரியம் முழுவதையும் யாரோ பிடித்திருந்த போனில்தான் பார்த்தேன். நடுவில் சார்ஜ் தீர்ந்து படம் போய்விட்டது. இதைப் பற்றி மேலே எழுத எனக்கு வரவில்லை.

விருப்பத்தைப் பதிய வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகாவுக்கு வடக்கேதான் மனசு என்று வீட்டுச் சுவருக்கும் தெரியும். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளும் தள்ளிப்போட்டாள். சாப்பிடும்போது மூன்று பேரும் உப்பு, ஊறுகாய் என்றே பேசிக்கொண்டோம். ஒருநாள் நான்தான் ஆரம்பித்தேன். அத்தையிடம் சொல்லிப் பூ கேட்போமா?

அவள் கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. “சரிப்பா. சிவப்பு வந்தா இங்கேயே இருக்கேன். ஆனா நான் பார்க்கணும், வீடியோவுல” என்றாள். அலுத்துப்போய்ச் சொன்னாளா, என் மேல் பாவப்பட்டுச் சொன்னாளா, தெரியாது. நான் அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பூவின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்குக் கிளம்பியபோது அப்பா கூடவே கூடாது என்றார். அன்றைக்கும் பூதான் கேட்டோம். வெள்ளை வந்தது. அப்பா அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இங்கே வந்த பிறகு பட்ட எல்லாவற்றுக்கும் நான் சாய்ந்துகொண்டது அந்த ஒரு பூவின் மேல்தான். குளிரில் கிடங்கு வாசலில் நின்றபோதும், அப்பாவின் காரியத்தைப் போனில் பார்த்தபோதும், மகள் என்னோடு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தபோதும், முருகன்தான் அனுப்பினான் என்று சொல்லிக்கொள்வேன். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு என்னிடம் இருந்ததாகச் சொன்ன ஒரே பதில் இதுதான்.

என்னை அனுப்பியவன் என் மகளை நிறுத்தித் தருவான் என்று நம்பினேன். அவ்வளவு நாள் கும்பிட்டதற்கு இதைக்கூடச் செய்ய மாட்டானா?

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. ஊரில் சாயங்காலப் பூஜை முடிந்திருந்தது. கோயில் முன்மண்டபத்தில் அக்கா பட்டுச் சேலையில் நின்றிருந்தாள். போனை மாமா பிடித்திருந்தார்.

“தெரியுதா சாமி? கண்ணு, அத்தையத் தெரியுதா?” என்றாள். என்னை அவள் கூப்பிடுவதே ‘சாமி’ என்றுதான்.

“தெரியுது அத்தை. நீ அழகா இருக்கே.”

“நீங்கன்னு சொல்லு” என்று கவிதா அவள் தொடையில் தட்டினாள். அக்கா சிரித்தாள். ஊரிலேயே தன்னை நீ என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இவள்தான் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

கார்த்திகா வடக்கே போகலாமா என்று நினைத்துக்கொண்டு பொட்டலங்களை வைத்தாயிற்று என்றாள் அக்கா. பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலம் வலது கையில், மற்றது இடது கையில். வலது கையில் இருந்ததை, மற்றதைக் கீழே வைக்காமலே, பல்லால் நாரைக் கடித்து அவிழ்த்தாள். நான் மனதுக்குள் சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வெள்ளைங் சாமி! வெள்ளை வந்துருச்சு!”

நான் கேட்டது வரவில்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமி சொல்லிவிட்டதே, அதற்கு மேல் என்ன இருக்கிறது? கவிதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கார்த்திகா குதிக்கவில்லை. திரையையே உற்றுப் பார்த்தாள்.

“அத்தை, இடது கையில இருக்கறதையும் திற.”

“அதப் பிரிக்கப்படாது கண்ணு. மரத்தடியில போட்டுருவோம்.”

“ஒரே ஒரு தடவை அத்தை. அன்னைக்கு போர் போட்டப்பவும் கேட்டேன், நீ காட்டல.”

அக்கா சட்டென்று பேச்சை மாற்றினாள். மார்க் எப்போது வரும், குளிர் எப்படி என்றெல்லாம் கேட்டாள். அவள் பொய் பேசும்போது இப்படித்தான் பேசுவாள், சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். “பிரிங்க்கா” என்றேன் நான். மாமாவும் ஏதோ சொன்னார். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு தனியே நடந்தாள். தரை தெரிந்தது, அவள் கால் தெரிந்தது, வேப்பமரக் கிளை தெரிந்தது. பிறகு அவள் உள்ளங்கை தெரிந்தது. அதில் இன்னொரு வெள்ளை அரளி.

“என்னக்கா இது?”

“ஏஞ் சாமி கோவிச்சுக்கறே? புள்ள ஆசப்பட்டுட்டா. செவப்பு வந்து அவ நின்னுபோனான்னா, காலத்துக்கும் உன்னையத்தான் நொந்துக்குவா. போறேன்னு நிக்கறவங்களச் செவப்புப் பூவக் காட்டி நிறுத்தலாமா?”

“அதுக்காக, சாமி காரியத்துல...”

“முருகன் என்னையக் கேக்கட்டும், நாஞ் சொல்லிக்கறேன்.” மூக்கை உறிஞ்சினாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். “உனக்கும் அப்பிடித்தான் வெச்சேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“நீ சீமைக்குப் போறேன்னு நின்னியே, அப்ப. அப்பன் போகக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நீ சோறு திங்காமக் கெடந்தே. என்னால பாக்க முடியல சாமி. ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சுக் கட்டினேன்.”

போருக்கும் அப்படித்தானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. போதும் என்றிருந்தது.

என் அக்கா பாசத்தில் செய்தாள், எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருடமும் நான் சாய்ந்து நின்ற சுவர் அங்கே இல்லவே இல்லை. முருகன் என்னை அனுப்பவில்லை. போகாதே என்றும் அவன் சொல்லவில்லை. அவனை யாரும் கேட்கவே இல்லை. அப்பா வாயை மூடிக்கொண்டது ஒரு பெண் கட்டிய பொட்டலத்துக்காக. நான் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனதும் அதற்காகத்தான்.

கவிதா சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். கார்த்திகா போனை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, வேணும்னா இப்போ நிஜமா கேக்கலாம். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. நான் சொன்னது சொன்னதுதான். சிவப்பு வந்தா போகல.”

கேட்டிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. ஆனால் என் காரியமாக உண்மையாகக் கட்டிய பூவை நான் இதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் கண்ணு, உனக்குப் பிடித்ததைப் போடு என்றேன். அக்காவும் இதைத்தான் செய்தாள், இலையும் நாரும் வைத்துச் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயங்காலமே அவள் பதிந்துவிட்டாள். வடக்கு ஊர் முதல் விருப்பம். பக்கத்து ஊர் இன்ஷூரன்ஸ்.

6

இன்றைக்கு அவளுக்குக் கடைசிப் பரீட்சை. கவிதா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். இந்த வயதுப் பிள்ளைகள் யாரும் இங்கே டப்பா கொண்டுபோவதில்லை, ஆனாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது, சமையலறை அலமாரியில் முருகன் படம் இருக்கிற இடத்தில் நின்று தானாகவே திருநீறு பூசிக்கொண்டாள். இதைச் செய்து எத்தனையோ நாளாயிற்று.

“அப்பா, எனக்காக வேண்டிக்கோங்க.”

கண்ணை மூடினேன்.

வடக்கே கேட்ட மதிப்பெண் வந்தால் அவள் போய்விடுவாள். கொஞ்சம் குறைந்தால் போதும், ரொம்ப வேண்டாம், கொஞ்சம். பக்கத்து ஊர் எடுத்துக்கொள்ளும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளை பரீட்சையில் சறுக்க வேண்டும் என்று எந்தத் தகப்பனாவது கேட்பானா? நான் கேட்டேன். வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். என் வாழ்நாளில் அக்கா நடுவில் இல்லாமல் நானே நேராக முருகனிடம் கேட்ட முதல் காரியம் இதுதான்.

“என்னப்பா வேண்டினீங்க?”

“நல்ல மார்க் வரோணும்னு.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கிடங்குக்குக் கிளம்பும்போது போனைப் பார்த்தேன். அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது. வெயிலில் படியேறிய மூச்சிரைப்போடு பேசியிருந்தாள். “சாமி, நம்ம புள்ள நல்லா எழுதோணும்னு மலையேறி வேண்டிக்கிட்டு வந்துட்டேன். பூவெல்லாம் ஒண்ணும் வெக்கல, வெறுங்கையோடதான் கேட்டேன். நீயும் வேண்டிக்கோ.”

முருகனிடம் இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வேண்டுதல்கள் போயிருக்கின்றன. அக்காவுடையதையே அவன் கேட்கட்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் காலையிலிருந்து பார்க்கிறேன். பெட்டிகளைப் பிரிக்கிறேன், தையலைப் பார்க்கிறேன், மறுபடி கண்ணை மூடிப் பார்க்கிறேன். இன்னும் வாய் வரவில்லை.